இருட்டு தெரியாத டைமர்

கடந்த கோடை விடுமுறையில் பத்து நாள் சொந்த ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. பூட்டிய வீடு இருளில் கிடக்கக் கூடாது என்பதற்காக, வாசல் விளக்குக்குத் தானியங்கி டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சுவரில் பொருத்தினேன். மாலை 6.30க்கு விளக்கு எரிய வேண்டும், காலை 5.45க்கு அணைய வேண்டும். பொத்தான்களை நானே அழுத்தி நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, ஐந்து மணிப் பேருந்தில் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா இது, பகல் பூரா லைட்டு எரியுது. ராத்திரி இருட்டாக் கிடக்கு. வீட்டுல ஆளில்லைன்னு ஊருக்கே சொல்ற மாதிரி இருக்கு!"

எதற்காக டைமர் வாங்கினேனோ அதற்கு நேர்மாறாக அது வேலை செய்துகொண்டிருந்தது. டைமர் பழுது என்றே முடிவு செய்தேன். ஊர் திரும்பிப் பார்த்தபோதுதான் தவறு யாருடையது என்பது புரிந்தது. ஏழாம் வகுப்பில் மின்சுற்று நடத்தும்போது இதையே பாடமாக எடுத்துச் செல்லலாம் என்று தோன்றியது. அதில் கிடைத்த அனுபவத்தையும், இடையில் நான் செய்த ஒரு பெரிய பிழையையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் நாள் செய்த பிழை

முதல் நாள் வகுப்பில் உற்சாகமாகத் தொடங்கினேன். டைமரின் பெட்டியைக் காட்டினேன். சுவிட்சுப் பலகைக்குள் ஃபேஸ் கம்பி எங்கே வருகிறது, நியூட்ரல் எங்கே இருக்கிறது, விளக்குக்குச் செல்லும் கம்பி எது என்றெல்லாம் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். மாணவர்கள் கண் கொட்டாமல் கவனித்தார்கள். நல்ல வகுப்பு என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் ஒரு மாணவனின் அம்மா வந்து நின்றார். "டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு எம்புள்ள சுவிட்சுப் பெட்டியக் கழட்டிக்கிட்டு நிக்கிறான். ரெண்டு ஸ்க்ரூ கழட்டிட்டான். நான் மட்டும் பாக்கலைன்னா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். பெரியவரின் உயிரைக்கூடப் பறிக்கப் போதுமானது. நான் வரைந்த படம் சரியானதுதான். ஆனால் அந்தப் படத்தை யார் பயன்படுத்தலாம், யார் பயன்படுத்தக் கூடாது என்பதை நான் சொல்லவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைய வகுப்பில் பாடத்தை முதலிலிருந்து மாற்றி அமைத்தேன்.

கரும்பலகையை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'நம் வேலை', மறுபக்கம் 'எலக்ட்ரீஷியன் வேலை'. நேரம் குறிப்பது, கட்டளை எழுதுவது, தவறு கண்டுபிடிப்பது, மின்செலவு கணக்கிடுவது ஆகியவை நம் வேலை. திருப்புளி படும் எதுவும் எலக்ட்ரீஷியன் வேலை. இந்தக் கோட்டைப் பாடம் முடியும்வரை அழிக்கவில்லை.

செயல்பாடு 1: நீதான் டைமர்

தேவையானவை: இரண்டு டார்ச் செல்கள், சிறு பல்பு, இணைப்புக் கம்பிகள், சாவி, நேரம் எழுதிய அட்டைகள்.

செல்லும் பல்பும் கொண்ட எளிய சுற்றை மாணவர்களே அமைத்தார்கள். ஒரு மாணவி கடிகாரம். நேர அட்டைகளை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டுவாள். ஒரு மாணவன் டைமர்; கையில் உள்ள தாளில் எழுதியிருப்பதை மட்டுமே செய்ய வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டியதை எழுதித் தர வேண்டும்.

முதல் குழு எழுதியது: 'இருட்டியதும் விளக்கைப் போடு.' டைமராக நின்ற மாணவன் விழித்தான். அட்டையில் 7.00 என்றுதான் இருக்கிறது. இருட்டு என்று எங்கும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "டீச்சர், அதுக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாதே!" என்றாள். இந்த இடத்தில் டைமருக்கும் ஒளி உணரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். ஒளி உணரி வெளிச்சம் குறைவதை அறிந்து விளக்கை எரிய வைக்கும். டைமருக்குத் தெரிந்தது தன் கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமே.

இரண்டாம் குழு '6.30க்குப் போடு' என்று மட்டும் எழுதியது. அணைக்கச் சொல்லவில்லை. காலையிலும் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் குழு '6.30க்குப் போடு, 5.45க்கு அணை' என்றது. எந்த 6.30? காலையா, மாலையா? வகுப்பே விவாதத்தில் இறங்கியது. 24 மணி நேர முறை எதற்கு என்பதை நான் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. '18.30க்குப் போடு, 05.45க்கு அணை' என்று அவர்களே திருத்தினார்கள்.

செயல்பாடு 2: 24 கட்டங்கள்

ஒவ்வொருவரும் ஒரு தாள் பட்டையில் 24 கட்டங்கள் வரைந்து, விளக்கு எரியும் நேரத்துக்கு மஞ்சள் வண்ணம் தீட்டினர். மஞ்சள் பட்டையின் இரு முனைகளிலும் வந்தது. பட்டையை வளையமாக ஒட்டியதும் இரண்டு துண்டுகளும் இணைந்து ஓர் இரவாயின. நள்ளிரவைத் தாண்டும் நேரத்தைக் கணக்கிடத் தடுமாறும் மாணவர்களுக்கு இந்த வளையம் பெரிதும் உதவியது. 18.30 முதல் நள்ளிரவுவரை 5 மணி 30 நிமிடம். நள்ளிரவு முதல் 05.45வரை 5 மணி 45 நிமிடம். மொத்தம் 11 மணி 15 நிமிடம்.

அடுத்து ஒரு கேள்வி: சனிக்கிழமை இரவு மட்டும் விளக்கு எரிய வேண்டும் என்றால், அணைக்கும் கட்டளையை எந்தக் கிழமையில் எழுதுவீர்கள்? பாதிப் பேர் சனி என்றார்கள். வளையத்தில் விரல் வைத்து நகர்த்தச் சொன்னேன். நள்ளிரவைத் தாண்டியதும், "ஞாயிறு டீச்சர்!" என்றார்கள். வாரக் கட்டளை உள்ள டைமரைப் பயன்படுத்தும் பெரியவர்களும் தவறும் இடம் இது.

செயல்பாடு 3: டீச்சர் எங்கே தவறினார்?

இப்போது என் வீட்டுக் கதையைச் சொன்னேன். டைமரில் பதிவான கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதினேன்: மாலை 6.30 எரி, காலை 5.45 அணை. இரண்டும் சரி. டைமரும் பழுதில்லை. ஆனாலும் விளக்கு காலை 6.30க்கு எரிந்து மாலை 5.45க்கு அணைந்தது. ஏன்?

பத்து நிமிடம் குழுவாகப் பேசினார்கள். சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிய அதே மாணவன் எழுந்தான். "எல்லாமே சரியா பன்னெண்டு மணி நேரம் தள்ளிப் போயிருக்கு டீச்சர். நீங்க கடிகாரத்தத் தப்பா வச்சிருக்கீங்க."

அதுதான் நடந்தது. மாலை 4 மணிக்குக் கடிகாரத்தைச் சரிசெய்தபோது திரையின் ஓரத்தில் சிறியதாகத் தெரிந்த 'ஏ.எம்.' என்பதை நான் கவனிக்கவில்லை. டைமரைப் பொறுத்தவரை அது அதிகாலை 4 மணி. பிழை கட்டளையில் இருக்கிறதா, கட்டளை சார்ந்திருக்கும் அடிப்படையில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் கணக்கிலும் அறிவியலிலும் தேவைப்படுவதுதான்.

நேரத்தைப் பதிவு செய்யும் முறை

மாதிரிக்கு மாதிரி பொத்தான்கள் வேறுபட்டாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. மின் இணைப்பு தரப்படாத டைமரை, அதன் உள் மின்கலம் இயங்கும் நிலையில், மேசைமேல் வைத்து மாணவர்களையே செய்யச் சொன்னேன்.

1. பழைய பதிவுகளை அழிக்கவும். இதற்கெனச் சிறு துளைப் பொத்தான் இருக்கும்.
2. இன்றைய கிழமை, மணி, நிமிடத்தைச் சரிசெய்யவும். 12 மணி நேரத் திரை என்றால் முற்பகலா பிற்பகலா என்பதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.
3. முதல் 'ஆன்' கட்டளைக்குக் கிழமையையும் நேரத்தையும் பதியவும்.
4. அதற்குரிய 'ஆஃப்' கட்டளையைப் பதியவும்.
5. மற்ற இடங்கள் காலியாக உள்ளனவா என்று பார்க்கவும்.
6. இறுதியில் 'ஆட்டோ' நிலைக்குக் கொண்டு வரவும். 'ஆன்' அல்லது 'ஆஃப்' நிலையிலேயே விட்டுவிட்டால் எழுதிய கட்டளை எதுவும் நடக்காது.

ஏழாவதாக மாணவர்கள் ஒன்றைச் சேர்த்தார்கள்: 'ஒரு மாலையாவது நின்று பார்த்துவிட்டு ஊருக்குப் போகவும்.'

எலக்ட்ரீஷியன் வேலை: நாம் அறிய வேண்டியவை

பொருத்தும் வேலையை மாணவர்கள் செய்யக் கூடாது. எனினும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. சாதாரண சுவிட்ச், ஃபேஸ் கம்பியை இணைக்கவோ துண்டிக்கவோ மட்டுமே செய்கிறது. டைமரின் கடிகாரம் ஓட அதற்கே மின்சாரம் தேவை. ஆகவே ஃபேஸுடன் நியூட்ரலும் அந்த இடத்துக்கு வர வேண்டும். பிளக் சாக்கெட் உள்ள பலகையில் நியூட்ரல் இருக்கும். சுவிட்ச் மட்டும் உள்ள சிறு பலகையில் இல்லாமல் போகலாம்.

மெயினை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை அணைத்த பிறகும் விளக்குக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்துவிட்டே வேலையைத் தொடங்குவார் நல்ல எலக்ட்ரீஷியன். டைமரில் 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. எல்இடி விளக்குகளுக்கான அளவு அதைவிடக் குறைவு. டைமர் பழுதானாலும் விளக்கைப் போட முடிய, பக்கத்திலேயே ஒரு சாதாரண சுவிட்ச் இருப்பது நல்லது.

செயல்பாடு 4: கணக்கும் புவியியலும்

என் வீட்டு விளக்கு 9 வாட். பகலில் நாளுக்கு 11.25 மணி நேரம் வீதம் பத்து நாள் எரிந்தால்: 9 × 11.25 × 10 = 1012.5 வாட் மணி. 1000 வாட் மணி ஒரு யூனிட் என்பதால், வீணானது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். "இவ்வளவுதானா?" என்று மாணவர்கள் ஏமாந்தார்கள். ஒரே ஒரு எல்இடி விளக்குக்கு டைமர் பொருத்துவதால் பெரிய சேமிப்பு இல்லை என்ற உண்மையை மறைக்கத் தேவையில்லை. அதே கணக்கை 40 வாட் விளக்குகள் பத்துக்கு அவர்களைப் போடச் சொன்னேன். 45 யூனிட் என்றதும் வியந்தார்கள்.

பிறகு, வாசலில் நின்று பாடநூலை வாசிக்க முடியாமல் போகும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வரச் சொன்னேன். ஜூலை மாதம் என்பதால் பெரும்பாலோர் 6.40க்கும் 6.55க்கும் இடைப்பட்ட நேரத்தை எழுதியிருந்தார்கள். சென்னையில் ஜூலையில் சூரியன் மாலை 6.40 அளவில் மறைகிறது; நவம்பர் பின்பாதியில் 5.40 அளவிலேயே மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர வேறுபாடுதான். லண்டனில் கோடையில் இரவு 9.20 அளவிலும், டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பும் மறைகிறது. பூமியின் அச்சுச் சாய்வு நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம்மை ஏன் குறைவாகப் பாதிக்கிறது என்ற உரையாடல் இதிலிருந்தே பிறந்தது. டைமரின் நேரத்தை ஆண்டுக்குச் சில முறை மாற்ற வேண்டும் என்பதும் விளங்கியது.

பள்ளி வாசல் விளக்கு

தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு எங்கள் பள்ளி வாசல் விளக்குக்கும் ஒரு டைமர் வைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவர் எலக்ட்ரீஷியன். அவர் கம்பிகளை இணைக்கும்போது மாணவர்கள் தரையில் வரைந்த கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். 'ஏன் இதை அணைத்தேன், எதற்கு இதைச் சோதித்தேன்' என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூடி பொருத்தப்பட்ட பிறகு மாணவர்கள் எழுதிய கட்டளை பதிவானது: 18.40 எரி, 05.45 அணை.

சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிய மாணவனின் வீடு பள்ளிக்கு எதிரில்தான். விளக்கு எரிந்த நேரத்தையும் அணைந்த நேரத்தையும் ஒரு வாரம் குறிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். ஏழு நாள் பட்டியலோடு வந்தான். பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் பிசகவில்லை என்று தனியாக எழுதியிருந்தான். உள் மின்கலம்தான் காரணம் என்றும் எழுதியிருந்தான். காலை நேரத்தை மட்டும் வேறு கையெழுத்தில் எழுதியிருந்ததைக் கேட்டபோது, "அம்மா எழுதினாங்க டீச்சர். அவங்கதான் முன்னாடி எந்திரிப்பாங்க" என்றான்.

மதிப்பீட்டுக்கு இப்போது நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன். ஒன்று, உன் வீட்டில் ஒரு விளக்குக்கு யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாதபடி கட்டளை எழுது. இரண்டு, அந்த வேலையில் நீ செய்யக் கூடாதது எது? இரண்டாவதற்குச் சரியான விடை எழுதாத மாணவருக்கு நான் பாடத்தை மீண்டும் நடத்துகிறேன்.