பிள்ளை கைக்கு வரும் முன்பே நன்றி

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நம் அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 40 கிலோமீட்டர். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குறைமாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்த வராந்தாவின் இரவுகள் தெரியும். குழந்தை உள்ளே, அத்தா வெளியே துண்டை விரித்துப் படுத்திருப்பார். இன்னொரு பக்கம், நிக்காஹ் முடிந்து பல வருடமாகியும் பிள்ளை இல்லாதவர்கள். "ஏதும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்விக்குப் பயந்தே வலீமா விருந்துக்குப் போகாமல் இருப்பவர்கள் நம்மில் உண்டு.

இவர்கள் பலரும் மனதுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "முதலில் பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரட்டும், பிறகு ஷுக்ர் செய்வோம்." இப்படித் தள்ளிப்போடலாமா? குர்ஆன் என்ன காட்டுகிறது?

ஜகரிய்யா நபியின் மூன்று நாட்கள்

ஜகரிய்யா (அலை) அவர்கள் எலும்பு பலவீனமாகி, தலை நரைத்த பிறகும் பிள்ளையின்றி இருந்தார்கள். தம் பொறுப்பில் வளர்ந்த மர்யம் (அலை) அவர்களிடம் அல்லாஹ் அளித்த உணவைக் கண்டார்கள். அது யாரோ ஒருவரின் பிள்ளைக்குக் கிடைத்த அருள். அதைக் கண்டு அவர்கள் பொறாமைப்படவில்லை. அந்த இடத்திலேயே தமக்கும் ஒரு நல்ல சந்ததியைக் கேட்டு துஆ செய்தார்கள். பிறர் வீட்டுத் தொட்டிலைப் பார்க்கும்போது உங்கள் கையும் துஆவுக்கு உயரட்டும்.

யஹ்யா (அலை) பற்றிய நற்செய்தி வந்தது. ஜகரிய்யா நபி ஓர் அடையாளம் கேட்டார்கள். மூன்று நாட்கள் மக்களிடம் சைகையால் அன்றிப் பேச முடியாது என்பதே அடையாளம். கூடவே காலையிலும் மாலையிலும் இறைவனைத் துதிக்கும்படி கட்டளை (ஆலு இம்ரான் 3:41). கவனியுங்கள்! பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் தஸ்பீஹ் தொடங்கிவிட்டது.

மூஸா நபியின் தாயார்

குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்மார்களே! பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்ட அந்தத் தாயின் உள்ளம் வெறுமையானது என்று அல்லாஹ்வே சொல்கிறான் (கஸஸ் 28:10). அவன் அவரைக் குறை சொல்லவில்லை. அவரது உள்ளத்தை உறுதிப்படுத்தினான். ஆகவே அழுவது ஈமான் இல்லாததன் அடையாளம் அல்ல. அடுத்து அந்தத் தாய் என்ன செய்தார்? மகளை அனுப்பிக் குழந்தையைப் பின்தொடரச் சொன்னார். தவக்குல் என்பது முயற்சியை விடுவதல்ல.

காலையில் பசியோடு புறப்பட்டு மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவையை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணம் காட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். குஞ்சு கூட்டில் வாய் திறந்து காத்திருக்கிறது. தாய்ப்பறவை இரை தேடிப் பறக்கிறது. அதுபோல மருந்தையும் கொடுங்கள், துஆவையும் கேளுங்கள்.

கிடைக்காமலே போனால்?

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்குப் பெண், சிலருக்கு ஆண், சிலருக்கு இரண்டும் தருகிறான். தான் நாடியவரைப் பிள்ளையற்றவராகவும் ஆக்குகிறான் (ஷூரா 42:49, 50). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் முஃமின்கள் அனைவரின் தாய்! ஷுக்ர் என்பது பிள்ளைக்குக் கொடுக்கும் விலை அல்ல. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவனே நம் ரப்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. காத்திருக்கும் நாட்களில் காலையும் மாலையும் தஸ்பீஹை விடாதீர்கள். இன்று கிடைத்த ஒரு நிஃமத்தையாவது வாய்விட்டுச் சொல்லி அல்ஹம்துலில்லாஹ் கூறுங்கள்.

2. "விசேஷம் இல்லையா?" என்று யாரையும் கேட்காதீர்கள். அவர்களுக்காகத் தனிமையில் துஆ செய்யுங்கள்.

3. மஹல்லாவில் ஒரு வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தால், ஒரு வேளைச் சாப்பாட்டோடு அந்த வராந்தாவுக்குப் போங்கள்.

யா அல்லாஹ்! பிள்ளைக்காக ஏங்குவோருக்கு ஸாலிஹான சந்ததியைத் தருவாயாக! நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! இழந்தவர்களின் உள்ளத்தை உறுதிப்படுத்துவாயாக! காத்திருக்கும்போதே நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.