நோய் அவளுக்கு, நான் எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு எட்டு மாதங்களாக மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுகிறாள். எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. பேசினாலும் சண்டையில் முடிகிறது. 'அடுத்த முறை கணவரும் வரட்டும், ஐந்தாறு தடவை சேர்ந்து கவுன்சலிங் தரலாம்' என்கிறார் டாக்டர். நோய் அவளுக்கு; நான் எதற்கு? ஐந்தாறு தடவை பேசினால் தீருகிற நோயா இது?
– வாசகர், திண்டுக்கல்.

பதில்: பழி உங்கள் மேல் விழுமோ என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல டாக்டர் உங்களைக் கூப்பிடவில்லை.

மனச்சோர்வு வந்தவர் பேச்சைக் குறைப்பார், எரிந்து விழுவார். வீட்டில் இருப்பவர் அதைச் சோம்பல், அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு, "எழுந்து வேலையைப் பார், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கேட்பவருக்கு, 'என்னைப் புரிந்துகொள்ள ஆளில்லை' என்று தோன்றும். சோர்வு சண்டையை வளர்க்கும், சண்டை சோர்வை வளர்க்கும். இந்தச் சுழலை ஒருவர் மட்டும் முயன்று நிறுத்துவது கடினம்.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வுள்ள 35 பெண்களையும் அவர்களுடைய கணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கணவன் மனைவி சேர்ந்து ஐந்து வாரச் சிகிச்சை; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள். சிகிச்சை பெற்ற பெண்களிடம் சோர்வு நன்றாகக் குறைந்தது. கணவர்களின் மனபாரமும் இறங்கியது. சிறிய ஆய்வுதான்; எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் உறவில் கசப்பு இருக்கும் வீடுகளில் முயன்று பார்க்கத் தகுந்த வழி இது.

சேர்ந்து போகும் கவுன்சலிங்கில் என்ன நடக்கும்? முதலில் நோயைப் பற்றி இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்வீர்கள். எந்தப் பேச்சு உதவுகிறது, எது குத்துகிறது என்று பார்ப்பீர்கள். குறுக்கிடாமல் கேட்கப் பழகுவீர்கள். நின்றுபோன சின்னச் சின்ன சந்தோஷங்களை, சேர்ந்து காபி குடிப்பதையோ மாலை நடையையோ, மறுபடி தொடங்குவீர்கள்.

கவுன்சலிங் தொடங்கியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் அடிதடி இருந்தால், சேர்ந்து உட்காரும் முன் அதை ஆலோசகரிடம் தனியாகச் சொல்ல உங்கள் மனைவிக்கு வழி இருக்க வேண்டும். 'வாழப் பிடிக்கவில்லை' என்று அவர் சொன்னால், அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும்.

எட்டு மாதமாக அவர் தனியாகவே டாக்டரிடம் போய் வருகிறார். "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்று இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.