பட்டறிவு இல்லாதார்க்கும் படையில் இடமுண்டு

பணிப் பட்டறிவு இல்லையே எனத் தயங்கும் மாணவர் ஒன்றை உணர்தல் வேண்டும். படைத்தேர்வு நாடுவது முன்செய்த வேலையை அன்று, ஏற்ற பொறுப்பையே.

1948இல் தோன்றிய தேசிய மாணவர் படை அதற்குரிய களம். அதன் ‘சி’ சான்றிதழில் ‘பி’ தரமேனும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் பெற்றோர், சிறப்பு நுழைவின்வழி எழுத்துத் தேர்வின்றியே தரைப்படை அதிகாரிக்கான ஐந்து நாள் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

கடலூர் மாவட்டம் 2011இல் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது. இத்தகைய வேளைகளில் முன்னின்று உதவுதலும் பட்டறிவே. செய்யாததை எழுதுதல் ஆகாது. தேர்வாளர் வினாக்கள் அதனை வெளிப்படுத்திவிடும்.

படைவீரராக விழைவோர் தேவனாம்பட்டினக் கடற்கரையிலோ சிதம்பரம் திடல்களிலோ 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை நாள்தோறும் பழகுக. முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது.