ரொட்டி இயந்திரத்தை அறிந்து பயன்படுத்துவோம்

பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லும் குடும்பங்களில் காலைப் பசியாறல் எளிதில் அமைவதன்று. வெறும் தேநீருடன் வெட்டுக்காட்டுக்குச் செல்வோரும் உளர். இரவில் மாவும் நீரும் இட்டு வைத்தால் விடியலில் ரொட்டி தரும் மின்பொறி இக்குறையைத் தீர்க்க வல்லது. ஆயினும் ஓரிரு முறை ரொட்டி கல்லாகவோ குழிந்தோ போனால், பலர் பொறியை மூலையில் ஒதுக்கிவிடுகின்றனர். உழைத்த காசும் மாவும் வீணாகின்றன. குறை பெரும்பாலும் பொறியில் இல்லை. அளவிலும் வெப்பத்திலும் உள்ளது.

பொறி பிறந்த வரலாறு

ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் வீட்டு ரொட்டி இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. முதலில் செய்து பார்த்த ரொட்டி மேலே கருகி, உள்ளே வேகாமல் இருந்தது. இக்குகோ தனாக்கா என்னும் பெண்மணி ஒசாக்கா நகரத் தங்கும் விடுதியொன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயின்றார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்வதைக் கண்டறிந்தார். அதனைப் பொறியும் செய்யுமாறு அமைத்தனர். வெப்பம் மிகுந்தால் மாவு அளவுமீறிப் புளிப்பதைத் தடுக்க, ஈஸ்டைப் பின்னர்ச் சேர்க்கும் முறையையும் கண்டனர். இப்பாடம் நம் நாட்டிற்கு மிகவும் பொருந்தும்.

வெப்பமும் ஈஸ்டும்

ஈஸ்ட் ஓர் உயிர். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயுவே ரொட்டியை உப்பச் செய்கிறது. நம் வீடுகளில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை எட்டும். பிசையும்போது மாவின் சூடு மேலும் உயரும். ஆகவே குளிர்நாட்டுக் குறிப்புகள் கூறும் வெந்நீர் இங்கு வேண்டா. பகலில் குளிர்ந்த நீரையே ஊற்றுக.

அளவு

500 கிராம் மாவு கொள்ளும் பொறிக்கு: புரதம் மிகுந்த ரொட்டி மாவு 500 கிராம், நீர் 310 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. மாவையும் நீரையும் கோப்பையால் அளவாமல் தராசில் நிறுத்திடுக. பொருள்களை இடும் வரிசையைப் பொறியுடன் வந்த கையேட்டில் காண்க.

பிசையத் தொடங்கிய பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்க்கவும். மாவு வழவழப்பான உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும். ஓரங்களில் ஒட்டினால் ஒரு கரண்டி மாவும், வறண்டு பிளந்தால் ஒரு கரண்டி நீரும் சேர்க்கவும். மழைக்காலத்தில் மாவு ஈரத்தை ஈர்ப்பதால் நீர் சற்றுக் குறைவாகவே தேவைப்படும்.

இரவில் வைக்கும் முறை

இரவு 9 மணிக்குப் பொருள்களை இட்டு, விடியற்காலை 4 மணிக்கு ரொட்டி வேண்டுமாயின் நேரங்காட்டியை 7 மணி நேரத்திற்கு வைக்கவும். ஈஸ்டை நீர் படாமல் மாவின் மேல் குழியில் இடுக. குளிர்ந்த நீரும் நள்ளிரவுக்குள் சூடேறிவிடுமாதலால், ஈஸ்டை முக்கால் தேக்கரண்டியாகக் குறைக்கவும். பால், முட்டை ஆகியன கெட்டுவிடும். இம்முறையில் அவற்றைச் சேர்க்கலாகாது.

குறையும் காரணமும்

மேற்புறம் குழிந்தால்: நீரோ ஈஸ்டோ மிகுதி, அல்லது உப்பை மறந்திருக்கலாம்.

கல்லாக இறுகினால்: ஈஸ்ட் பழையது, அல்லது நீர் போதவில்லை. அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் இட்டுப் பார்க்கவும். பத்து நிமிடத்தில் நுரைக்காவிடில் அந்த ஈஸ்ட் பயன்படாது. திறந்த ஈஸ்டைக் காற்றுப் புகாத புட்டியில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கவும்.

அடிப்புறம் ஈரமானால்: வெந்த ரொட்டியைப் பாத்திரத்திலேயே விட்டதே காரணம். உடனே எடுத்துக் கம்பித்தட்டில் ஆறவிட்டபின் அறுக்கவும்.

கடை ரொட்டியில் இருப்பது போன்ற பூஞ்சைத் தடுப்புப் பொருள் இதில் இல்லை. இரண்டொரு நாளில் உண்டு முடிப்பதே நலம். பூஞ்சை படிந்த ரொட்டியைச் சுரண்டிவிட்டுப் பிள்ளைகளுக்குத் தரலாகாது; முழுவதையும் எறிந்துவிடுக.

சிந்திக்க

1. நம் நாட்டில் குளிர்ந்த நீர் ஏன் சிறந்தது?
2. இரவில் வைக்கும்போது ஈஸ்டைக் குறைப்பது ஏன்?
3. சென்ற முறை உங்கள் ரொட்டி கெட்டிருந்தால், மேற்கூறிய காரணங்களுள் எது அதற்குப் பொருந்தும்?

ஒவ்வொரு முறையும் இட்ட அளவையும் விளைந்த பயனையும் ஒரு தாளில் குறித்து வைப்பீராக. அடுத்த முறை ஓர் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் பொறிக்கும் ஏற்ற அளவு விரைவில் கைவரும். வெட்டுக்காட்டுக்குச் செல்வோர் வயிறு நிறைந்து செல்வர்.