இப்ப என்ன வாசிக்கிறீங்க? பன்வில வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பன்வில கடைவீதியில் மா, சீனி, டோர்ச் பற்றரி எல்லாம் கிடைக்கும். தமிழ் நாவல் ஒன்று வேண்டுமென்றால் நம்மில் பலரும் வத்தேகம வழியாகக் கண்டிக்குத்தான் பஸ் ஏறுகிறோம். பஸ் காசும் போட்டு வாங்கிவந்த புத்தகம் ஒரு வீட்டோடு நின்றுவிடக் கூடாது. நாலு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், இப்போது உங்கள் கையில் இருப்பது என்ன என்று முதலில் லயத்தில் அடுத்த காம்பராவுக்குத் தெரிய வேண்டும்.

1. கிழித்த கலண்டர் தாளை வீசாதீர்கள். அதன் வெள்ளைப் பக்கத்தில் வீட்டில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று எழுதி, வாசல் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். பெயர், புத்தகம், எழுதியவர், இவ்வளவு போதும். தேத்தண்ணி குடிக்க வருபவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள், கேட்பார்கள். ஞாயிறு வீரகேசரியில் வந்த சிறுகதையையும் தாராளமாக எழுதலாம். தடித்த புத்தகம் மட்டும்தான் வாசிப்பு என்று நினைப்பது வெறும் பெருமை.

2. “நல்லா இருக்கு” என்று சொல்லி நிறுத்தினால் யாரும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வரமாட்டார்கள். யாரைப் பற்றிய கதை, அந்த ஆளுக்கு என்ன சிக்கல் என்று இரண்டு வரி சொல்லுங்கள். என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை எடுத்துக்கொள்வோம். “ஒரு பொண்ணு ஒரே நாள்ல மத்தவங்களைவிடக் கூடக் கொழுந்து எடுத்துட்டா, எடையில ஏதோ கள்ளம்னு சந்தேகப்படுறாங்க.” இதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். மலையில் கூடை சுமந்தவர்களுக்கு இதற்குமேல் விளம்பரம் தேவையில்லை. முடிவைச் சொல்லிவிட்டால் புத்தகத்தை யாரும் வாங்கிப் போகமாட்டார்கள்.

3. பாதியில் மூடிவைத்த புத்தகத்தையும் சொல்லுங்கள். எந்த இடத்தில் அலுத்தது என்று சொன்னால், அந்த இடத்தைத் தாண்டி வாசித்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

4. எழுத்துத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் மாலையில் சத்தம்போட்டு வாசியுங்கள். இது நமக்குப் புதிதில்லை. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, இஸ்தோப்பில் சுற்றியிருந்து மற்றவர்கள் கேட்டது லயத்தில் வழக்கமாக இருந்தது. தொழிற்சங்கத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்ட கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், நூல்களும் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே கட்டிப் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. எழுத்தை வாய்வழியாகக் கொண்டுபோனால்தான் தோட்டத்தில் எல்லோருக்கும் எட்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாசிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு பக்கத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துக்கொண்டால் தடுமாற்றம் வராது. விறுவிறுப்பான இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அப்பாயியே “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கூப்பிடுவார். டீவி நாடகக்காரர்கள் இந்த வித்தையை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

5. வட்ஸ்அப்பில் பகிர்வதானால் அட்டைப்படம் ஒன்று, கூடவே உங்கள் குரலில் ஒரு நிமிடப் பேச்சு. நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. முழுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். நம் எழுத்தாளர்களில் பலர் சொந்தக் காசில் அச்சடித்து, தாங்களே சுமந்து விற்பவர்கள். கடையில் கிடைக்காத பழைய புத்தகத்துக்கு ‘நூலகம்’ இணையத்தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது, இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாகக் கிடக்கின்றன. மேட்டு லயத்தில் கிடைக்கும் சிக்னல் பணிய லயத்தில் கிடைக்காது என்பதால், டவுனுக்குப் போகும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. பிள்ளைகளிடம் “முடிச்சிட்டியா?” என்று கேட்காதீர்கள். அது சோதனை மாதிரி இருக்கும். “எதுவரைக்கும் வந்திருக்கே, இப்ப அவன் எங்க இருக்கான்?” என்று கேளுங்கள். சிங்களத்தில் வாசிக்கிற பிள்ளையையும் கதை சொல்லவிடுங்கள். பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. இரண்டு வீடும் இரண்டு மொழியில் ஒரே கதையை வாசித்துப் பேசிக்கொள்வதற்கு அதைவிட வசதியான புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

7. நாலு கை மாறும் புத்தகம் நக்கிள்ஸ் மலையடிவாரத்து ஈரத்துக்குத் தாங்க வேண்டும். இதில் கொஞ்சம் கவனம் தேவை.

சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்று போகும். அடுப்படிப் பரண் வேண்டாம், புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். பிஸ்கட் டின்னில் வைப்பதானால் புத்தகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை அதற்குள் போட்டுவைக்கலாம்.

மழையில் நனைந்துவிட்டால் ஒட்டிக்கொண்ட தாள்களை இழுக்காதீர்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளைத் தாளோ மெல்லிய துணியோ செருகி, அது ஈரமானதும் மாற்றுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலரட்டும். முக்கால்வாசி காய்ந்ததும் மேலே கனம் வைத்தால் தாள் அதிகம் நெளியாது. சுள்ளென்ற வெயிலில் போட்டால் தாள் பழுத்து, அட்டையும் வளையும். பூஞ்சணம் பிடித்ததை வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டி, பக்கங்களைப் புரட்டிவைத்தாலே பாதிப் பாதுகாப்பு. காய்ந்த வேப்பிலையும் வைக்கலாம். பூச்சி உருண்டை வைத்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

8. இரவல் கொடுக்கும்போது பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுங்கள். உள்ளே பக்க அடையாளத்துக்கு ஒரு துண்டு நூலும் போடுங்கள், பக்கத்தை மடிக்கமாட்டார்கள்.

9. சுவரில் ஒட்டிய தாளை மாதக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். அதைப் பார்த்துப் பலரும் கேட்டும் கிடைக்காத புத்தகங்களைத் தனியாகக் குறித்து, பிரதேச சபை நூலகத்தில் கொடுங்கள். கண்டிக்குப் போகிறவர் டீ.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்திலும் விசாரித்து வரலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்கு முன்பே பட்டியல் போய்ச் சேர்ந்தால் நல்லது. வாசிப்பு மாத விழாவில் பேச்சுப் போட்டி மட்டும் நடத்தினால் அலமாரி நிரம்பாது.

10. பழைய கொப்பி ஒன்றில் யார், எந்தப் புத்தகம், என்றைக்கு வாங்கினார் என்று எழுதிவையுங்கள். வாங்குபவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழிந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். “புத்தகம் எங்கே?” என்று தொடங்காமல் “எப்படி இருந்திச்சு?” என்று தொடங்கினால் மனத்தாங்கல் வராது. வாசிக்கவில்லை என்றால் வாங்கி வந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.