மேலே ஈரக் காற்று, கீழே உலர்ந்த தரை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒன்றரை வருடமாக ஒரு பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்க்கிறாள். நான்கடி நீளக் கண்ணாடிப் பெட்டி. அடியில் ஹீட் மேட், மேலே மரக்கடையில் சும்மா கொடுத்த மரத்தூள். இரண்டு மாதமாகப் பெட்டியிலிருந்து மூத்திர நாற்றம் வருகிறது. நாற்றம் போகட்டும் என்று வாராவாரம் பினாயில் போட்டுத் துடைக்கிறோம், தண்ணீர் தெளிக்கிறோம். இப்போது பாம்பின் அடிவயிற்றில் செம்பழுப்பாகச் சில திட்டுகள் தெரிகின்றன. போன முறை சட்டையும் துண்டு துண்டாகத்தான் உரிந்தது. வீட்டில் எழுபது வயது அம்மா இருக்கிறார். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதைப் பார்த்தாலே அவருக்கு ஆகவில்லை. பெட்டிக்கு எதை விரிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது? விவரமாகச் சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: விரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தத் திட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றுச் செதில்கள் செம்பழுப்பாக மாறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அழுக்கும் ஈரமும் சேர்ந்த தரையில் கிடந்து கிடந்து செதில் அழுகத் தொடங்கியிருக்கலாம். அல்லது ஹீட் மேட் சூட்டில் வெந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் வேறு. ஆகவே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே விசாரித்துப் பாருங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், மனிதர்களுக்கான களிம்பு எதையும் தடவிவிட்டுப் போகாதீர்கள்.

இனி மரத்தூள். மரக்கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. தேக்கு, வேம்பு, இறக்குமதிப் பைன், பிளைவுட், கரையான் மருந்து அடித்த பலகை என்று எல்லாம் ஒரே ரம்பத்தின் கீழ் அறுபட்டு ஒரே மூட்டையில் சேர்கின்றன. வாசனை வீசும் மரங்களின் எண்ணெய், அதிலும் சீடர் மரத்தின் எண்ணெய், மூடிய பெட்டிக்குள் ஆவியாகிப் பாம்பின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பிளைவுட்டின் பசையும் அப்படித்தான். இது போதாதென்று நுண்ணிய தூள் வேறு. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. உள்ளே போன தூசியையும் சளியையும் நம்மைப் போல் இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு, தூள் அங்கேயும் அடைகிறது. சும்மா கிடைக்கிறது என்பதற்காக மரத்தூளைப் பாம்புப் பெட்டியில் கொட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

எதை விரிக்கலாம் என்பதை முடிவு செய்ய, அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் வாழ்வது அது. பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் அடைந்து கிடக்கும். வெளியே மண் காய்ந்து வெடித்திருந்தாலும் வளைக்குள் காற்றில் ஈரம் இருக்கும், ஆனால் வயிறு படும் தரை நனைந்திருக்காது. நீங்கள் பெட்டிக்குள் உண்டாக்க வேண்டியதும் இதைத்தான்: காற்றில் ஈரம், தரையில் உலர்வு. உங்கள் வீட்டில் இது தலைகீழாகிவிட்டது. மரத்தூள் தண்ணீரைக் குடித்துவிட்டு நனைந்து கிடக்கிறது. மேலே, ஏசி அறையாக இருந்தால், காற்று வறண்டுபோகிறது. அடியில் வயிறு புண்ணாவதும் மேலே சட்டை துண்டு துண்டாக உரிவதும் ஒரே சமயத்தில் நடப்பது இதனால்தான்.

பால் பைத்தானுக்குக் காற்றில் ஈரப்பதம் 55 முதல் 75 சதவீதம் வரை இருப்பது நல்லது. சட்டை உரிக்கும் நாட்களில் மேல் எல்லையை ஒட்டி இருக்கட்டும். ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், ஊகம் வேண்டாம். சென்னைக் காற்று பெரும்பாலான மாதங்களில் தானாகவே இந்த அளவில் இருக்கும். ஏசி ஓடும் அறையில்தான் சட்டென்று இறங்கிவிடும்.

இந்தப் பாம்புக்கு நான் சொல்லும் விரிப்பு தேங்காய் மட்டைச் சில்லும் கோகோ பீட்டும். மேல்நாடுகளில் ஊர்வன வளர்ப்போர் காசு கொடுத்து வாங்கும் தேங்காய்ச் சில்லுப் பைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. நமக்கோ பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தே கட்டி கட்டியாக வருகிறது. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். செடிகளுக்கென்று விற்கும் கோகோ பீட்டில் உரமோ மண்புழு உரமோ கலந்திருந்தால் அது வேண்டாம். உப்புப் போகக் கழுவிய, எதுவும் சேர்க்காத கட்டி என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பீட் மட்டும் போட்டால் காய்ந்தவுடன் புழுதியாகப் பறக்கும். அதனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சில்லுகள் இரண்டு பங்கு, பீட் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். கட்டியைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் பிரிந்துவிடும், உள்ளிருக்கும் பூச்சிகளும் சாகும். பிறகு பழைய துணியில் போட்டுப் பிழிந்து நிழலில் பரப்பிவிடுங்கள். பதம் எது என்று கேட்டால், புட்டு மாவின் பதம்தான். கையில் இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக்கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு விரியுங்கள். ஈரம் குறையும்போது மேலிருந்து தெளிக்காதீர்கள். பெட்டியின் குளிர்ந்த பக்க மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அடியில் இறங்கிக் கீழ் அடுக்கை நனைக்கும், அங்கிருந்து ஆவியாகிக் காற்றுக்கு ஈரம் தரும், பாம்பு படுக்கும் மேல் அடுக்கு உலர்ந்தே இருக்கும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. சட்டை உரிக்கும் சமயத்தில், அதாவது கண் பால்போல மங்கியதும், ஒரு மூடிய டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை உள்ளே வைத்துவிடுங்கள். ஆர்க்கிட் செடி விற்கும் கடைகளில் இந்தப் பாசி கிடைக்கும். பாம்பு தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஹீட் மேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடியில் மேட்டும் மேலே கனமான விரிப்பும் இருந்தால் சூடு மேலே வர வழியில்லாமல் கண்ணாடியிலேயே தேங்கும். பாம்பு தோண்டி அடிக்குப் போகும், அங்கேதான் வேகும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடவே கூடாது. அதன் உணர்முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டிவையுங்கள். மேட் இருக்கும் பக்கத்தில் விரிப்பு மெல்லியதாக இருக்கட்டும். கனமான விரிப்புதான் வேண்டும் என்றால் மேட்டை எடுத்துவிட்டு, மேலிருந்து சூடு தரும் செராமிக் விளக்கை, பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூண்டுக்குள், தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். சென்னை மே மாதத்தில் குளிர்ந்த பக்கத்தைக் காப்பதுதான் கஷ்டம், அப்போது விளக்கை நிறுத்தவும் வேண்டிவரும்.

பலரும் ஆஸ்பென் மரச்சீவலைப் பற்றிக் கேட்கிறார்கள். அது நல்ல விரிப்பு, நன்றாக உறிஞ்சும், பாம்பு குடைந்து போனால் வளை சரியாமல் நிற்கும். ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம் தேவைப்படாத கார்ன் ஸ்நேக் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பால் பைத்தானுக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் ஒத்துவராது. மணல் வேண்டாம். வேப்பிலையை நல்லது என்று நினைத்துப் போடுகிறவர்கள் உண்டு, அது ஈரத்தில் மக்கி அழுகும்.

செய்தித்தாளை யாரும் மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். புதிதாக வந்த பாம்பு, நோயுற்ற பாம்பு, புண் ஆறும் பாம்பு ஆகியவற்றுக்குத் தாளைவிட நல்ல விரிப்பு கிடையாது. அச்சில்லாத வெள்ளைத் தாளோ கிச்சன் டிஷ்யூவோ இருந்தால் இன்னும் நல்லது. கழிவின் நிறம் தெரியும், ரத்தம் இருந்தால் தெரியும், சிற்றுண்ணி ஊர்ந்தாலும் தெரியும். அசுத்தமானால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு போடலாம். உங்கள் பாம்புக்கு அந்தத் திட்டுகள் முழுதாக ஆறும் வரை தாள்தான். தேங்காய்ச் சில்லு அதற்குப் பிறகு. தாளில் கிடக்கும் நாட்களில் ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் மறைவிடம் கட்டாயம் இருக்கட்டும்.

சுத்தம் செய்வதற்கு வருகிறேன். நாற்றத்தை அடக்க மருந்து தெளிப்பது சுத்தம் ஆகாது. கழிவை எடுப்பதுதான் சுத்தம். தினமும் ஒருமுறை பெட்டியைப் பாருங்கள். கழிவும், அதோடு சுண்ணாம்புக் கட்டிபோல் வரும் வெள்ளையான யூரிக் அமிலமும் கண்ணில் பட்டால், அதைச் சுற்றியுள்ள விரிப்போடு சேர்த்து ஒரு கை அளவு அள்ளி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவுங்கள். இப்படிச் செய்தால் விரிப்பு முழுவதையும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒழுங்காகப் பராமரித்த பெட்டியில் ஈரமண் வாசனை தவிர வேறெதுவும் வராது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்று பொருள்.

பினாயிலை இன்றோடு நிறுத்துங்கள். டெட்டாலும் வேண்டாம். பினால் வகைக் கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. துடைத்த பிறகும் கண்ணாடியில் படிந்திருக்கும், பாம்பு அதன் மேலேயே வயிற்றை இழுத்துக்கொண்டு போகும். பெட்டியைக் கழுவும்போது பாம்பைக் காற்றுப் போகும் மூடிய டப்பாவில் வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டு அழுக்கை முழுதாகத் தேய்த்தெடுங்கள். இந்த வேலையைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி அழுக்கிலேயே வலுவிழந்துவிடும். அடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு, வாடை அறவே போகும்வரை அலசிக் காயவைத்த பிறகே பாம்பை விட வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ ஆசிட்டையோ வேறு கிளீனரையோ கலந்தால் விஷவாயு வரும், ஆபத்து உங்களுக்கும்தான். குளோர்ஹெக்சிடின் கரைசல் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம்.

பாம்பு நாக்கால் மோப்பம் பிடித்தே தன் இடத்தை அறிகிறது. மொத்தமாகக் கழுவிய பெட்டி அதற்கு அந்நிய வீடு. இரண்டொரு நாள் இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தால் பதறாதீர்கள். நோய் ஏதும் இல்லாத பாம்பென்றால் பழைய விரிப்பிலிருந்து சுத்தமான ஒரு கைப்பிடியைப் புதியதோடு சேர்க்கலாம், அல்லது மறைவிடத்தையும் தரையையும் ஒரே நாளில் கழுவாமல் விடலாம். உங்கள் பாம்புக்கு இப்போது இந்தச் சலுகை கூடாது, எல்லாவற்றையும் எறியுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்றும் பாருங்கள். மிதந்தால் அவை பாம்புச் சிற்றுண்ணிகள். பாம்பின் ரத்தத்தைக் குடித்துவிட்டு விரிப்பிலும் பெட்டி இடுக்குகளிலும் முட்டையிடும். அப்போது விரிப்பு முழுவதையும் பையில் கட்டி வெளியேற்றித் தாளுக்கு மாறுங்கள். மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எறும்புச் சாக்பீஸ், பாச்சா உருண்டை, கொசு மருந்துத் தெளிப்பான் எதுவும் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. எறும்பு தொல்லை தந்தால் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் பாட்டிமார் மீன்பெட்டிக்கும் பலகாரப் பெட்டிக்கும் செய்தது, இன்றும் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. நல்ல ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முதியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோரை அது கடுமையாகத் தாக்கும். பாம்பின் எந்தப் பொருளும் சமையலறைக்குள் நுழையக்கூடாது. குளியலறையில் தனி வாளி, தனி பிரஷ் வைத்துக் கழுவி, பிறகு அந்தத் தரையையும் பிளீச் போட்டு அலசுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஒவ்வொரு முறையும். பழைய விரிப்பைச் செடிக்கு உரமாகப் போடாதீர்கள், பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாரை, நல்ல பாம்பு, நம் காட்டு மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் அயல்நாட்டுப் பாம்பு, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024இல் வந்த விதிகளும், அப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. உங்கள் மகள் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து முறைப்படுத்துங்கள். பராமரிக்க முடியவில்லை என்று ஏரிக்கரையில் விட்டுவிடும் எண்ணம் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

மரத்தூளை இன்றிரவே அள்ளிவிடுங்கள், வெந்நீரில் கண்ணாடியை அலசிக் காயவைத்துத் தாளை விரியுங்கள், தெர்மோஸ்டாட் வரும்வரை மேட்டை அணைத்து வையுங்கள். நாளைக் காலை பாம்பை ஒரு தலையணை உறையில் கட்டி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்து, மகளையே மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.