முகப்பைத் துடைப்பதற்கு முன்

தோ பாயோ

அன்புள்ள தம்பிக்கு,

தமிழ் மன்றத்தின் வேர்ட்பிரஸ் தளம் திறக்காமல் வெள்ளைத் திரையாக நிற்கிறது, கூகுளில் தேடினால் மன்றத்தின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் வருகிறது என்று எழுதியிருந்தாய். பழைய காப்புநகலை ஏற்றிவிட்டால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். இதுவரை எதையும் அழிக்காமல் வைத்திருக்கிறாயே, அதுவே நல்லது. தளத்தை இப்போது இருக்கிற நிலையிலேயே, தரவுத்தளத்தோடு சேர்த்து நகலெடு. கோப்புகளை ஹோஸ்டிங் பக்கத்திலேயே ஜிப்பாகக் கட்டி இறக்கு. ஒவ்வொன்றாக இறக்கினால் கோப்புகளின் தேதி மாறிவிடக்கூடும். எந்தக் கோப்பு எந்த நாளில் மாறியது என்பதுதான் நம் கையில் இருக்கும் தடயம்.

வெள்ளைத் திரை வேறு, கைப்பை விளம்பரம் வேறாக இருக்கலாம். வெள்ளைத் திரை பெரும்பாலும் பிளகின் என்ற துணை நிரலின் தகராறுதான். நீ எதையும் தொடாவிட்டாலும் ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தியிருக்கலாம். பழைய பிளகின் அதோடு ஒத்துப்போகாமல் விழுந்திருக்கும். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இப்படி விழும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும். மன்றத்தில் அந்த முகவரி முந்தைய செயலாளருடையதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், அவரிடம் கேள். இல்லையென்றால் பிழைப் பதிவேட்டைத் திற. எந்த பிளகினின் கோப்பு, எந்த வரி என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த பிளகினின் கோப்புறைப் பெயரை மட்டும் மாற்று, அது செயலிழந்துவிடும். பதிவேடு ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பிளகின்கள் எல்லாம் இருக்கும் கோப்புறையின் பெயரையே மாற்றி, நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

விளம்பரம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தக் கை எவ்வளவு ஆழம் போனது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆழத்தை மூன்று நிலையாகச் சொல்கிறேன். 2013 அக்டோபர் 28 அன்று நமக்கு அருகே உள்ள அங் மோ கியோ நகர மன்றத் தளத்தின் முகப்பு மாற்றப்பட்டது. அடுத்த சில நாள்களில் கோலாலம்பூரில் ஒரு சிங்கப்பூரர் கைதானார். 2015-இல் அவருக்கு நாலு ஆண்டு எட்டு மாதச் சிறை. அவர் கைதான பிறகு, அதே 2013 நவம்பர் 7 இரவு, சிங்கப்பூர்ப் பிரதமர் அலுவலகத் தளத்தில் கேலி வாசகம் தோன்றியது. நள்ளிரவு கடந்ததும் அதிபர் மாளிகையான இஸ்தானாவின் தளத்திலும் அப்படியே. ஊரே அதிர்ந்தது. ஆராய்ந்தபோது, தளத்தின் தேடல் பெட்டியில் இருந்த ஓட்டை வழியே அந்தக் காட்சி உண்டாக்கப்பட்டது என்று தெரிந்தது. சர்வரில் இருந்த பக்கம் மாறவே இல்லை. பார்ப்பதற்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆழமோ மிகக் குறைவு.

அடுத்த ஆழம் 2017-இல் தெரிந்தது. வேர்ட்பிரஸ் 4.7-இல் இருந்த ஓட்டையால், உள்நுழையாமலே யார் வேண்டுமானாலும் கட்டுரைகளைத் திருத்த முடிந்தது. ஜனவரி 26 அன்று திருத்தம் வெளிவந்தது. தளங்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் ஓட்டையின் விவரத்தைச் சொன்னார்கள். ஆனாலும் சில நாள்களுக்குள் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. எழுத்து மட்டும் மாறிய தளங்களில் முந்தைய பிரதியை மீட்டாலே போதுமாக இருந்தது.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில், கடவுச்சொல் இல்லாமலே சர்வருக்குள் கோப்பை ஏற்றிவிடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த பிளகின் 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. அதைப் புதுப்பித்தவர்கள் வாசலை அடைத்தார்கள். ஏற்கெனவே உள்ளே ஏற்றப்பட்ட கோப்பு அங்கேயே கிடந்தது. உன் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எப்போது புகுந்தார்கள் என்று தெரியாமல் காப்புநகலை ஏற்றினால், அந்தக் கள்ளக் கோப்பையும் சேர்த்தே ஏற்றக்கூடும்.

ஜப்பானிய விளம்பரம் பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம். இந்த ரகத்தில் வழக்கமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தளம் ஒழுங்காகத் தெரியும்; கூகுளின் தேடு நிரல் வரும்போது மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும். அதனால் கூகுள் சர்ச் கன்சோலில் போய், கூகுளுக்கு என்ன தெரிகிறது என்று பார். அங்கே தளத்தின் உரிமையாளர்கள் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்கு. பிறகு படங்கள் ஏறும் கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதாவது கிடக்கிறதா என்று தேடு. சாதாரணமாக அங்கே அதற்கு வேலையே கிடையாது. நிர்வாகிகள் பட்டியலையும் நேரம் குறித்து ஓடும் வேலைகளையும் பார். வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளையும் பிளகின்களையும் தீம்களையும் திருத்திக்கொண்டிருக்காதே, புதிதாக இறக்கி மாற்று. கடைசியில் தரவுத்தளம், ஹோஸ்டிங், எஃப்டிபி, நிர்வாகிகள் என எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் புதிதாக்கு. அந்தச் சாவிகள் மாறினால், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

பயன்படாத பிளகினை அணைத்து வைக்காமல் நீக்கிவிடு. பல ஆண்டு நம்பிய பிளகின்கூடக் கைமாறலாம். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த டிஸ்பிளே விட்ஜெட்ஸை வாங்கிய புது உரிமையாளர் 2017-இல் அதற்குள்ளேயே பின்வாசல் வைத்தார். வேர்ட்பிரஸ் அதைத் தன் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

மன்றத் தலைவருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்கே சொல்லிவிடு, தம்பி. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் திருடுபோனது. விசாரணைக் குழு கண்டதில் முக்கியமானது, ஊழியர்கள் சிலர் அறிகுறியை முன்பே கவனித்தும் மேலே சொல்வது தாமதமானது என்பது. உங்கள் தளத்தில் உறுப்பினர் படிவம் இருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட விவரம் கசிந்திருந்தாலோ, கசிவால் யாருக்காவது பெரிய தீங்கு நேரக்கூடுமென்றாலோ, அது உறுதியானதிலிருந்து மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த முடிவை நீ தனியாக எடுக்கக் கூடாது, எடுக்கவும் முடியாது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதி, சர்வரின் வருகைப் பதிவேட்டை முழுவதும் கேட்டு வாங்கு. பல நிறுவனங்கள் அதைக் கொஞ்ச நாள் மட்டுமே வைத்திருந்து அழித்துவிடும். சனிக்கிழமை காலை தோ பாயோ நூலகத்துக்கு மடிக்கணினியையும் அந்த ஜிப்பையும் கொண்டு வா. முதல் கள்ளக் கோப்பு எந்த நாளில் வந்தது என்று இருவரும் உட்கார்ந்து தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்